பெட்டியைத் திருப்ப அனுமதி கோரி

அந்த நிறுவனத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு குழு உண்டு. குழு இல்லாத விஷயம் தப்பித்தவறி ஒன்று அகப்பட்டால், அதற்கு ஏன் குழு இல்லை என்று விசாரிக்க ஒரு குழு உண்டு. வானத்திலிருந்து வரும் எக்ஸ்ரே எந்தப் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டு வருகிறது என்று அளப்பதுதான் அங்கே வேலை. சாய்வு என்று எழுதினால் கௌரவக் குறைவு என்பதால் வாசலில் 'ஊடுகதிர்த் தளவிளைவு ஆய்வு நிறுவனம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். தபால்காரர் அதை ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும் என்று பத்து வருடமாகப் பார்க்கிறார், நடக்கவில்லை.

நம்முடைய ஆளுக்கு அங்கே பெட்டிக்காரர் என்று பெயர். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. பதினோரு வருடமாக அவர் ஒரு பெட்டியைச் செய்தார். சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே வாயு அடைத்திருக்கும். ஓர் எக்ஸ்ரே உள்ளே விழுந்தால், வாயுவிலிருந்து ஓர் எலக்ட்ரான் துள்ளி, முடித்துண்டு போல ஒரு சின்னக் கோடு போடும். அந்தக் கோடு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இப்படி லட்சக்கணக்கான கோடு சேர்ந்தபின் ஒரு வரைபடம் போடுவார்கள். கோடுகள் எல்லாப் பக்கமும் சமமாகக் கிடந்தால் வரைபடம் தட்டையாக இருக்கும். கதிருக்குச் சாய்வு இல்லை. ஒரு பக்கம் அதிகமாகக் கிடந்தால் வரைபடத்தில் அலை எழும்பும். அலை எவ்வளவு உயரமோ அவ்வளவு சாய்வு.

இதைத் தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறோம் என்று கேட்டால், பெட்டிக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கருந்துளையைச் சுற்றி இருக்கும் சூடான வாயு தட்டையாகப் படிந்திருக்கிறதா, மேலே எழும்பி நிற்கிறதா என்று எந்தப் படத்திலும் தெரியாது, அவ்வளவு தூரம். சாய்வை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்று பொறுமையாகச் சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எதற்கும் அந்த மனிதர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. எந்தப் பெட்டியும் பிறக்கும்போதே ஒரு கோணலோடுதான் பிறக்கும். கதிர் சாயாமல் வந்தாலும், சாய்ந்து வந்ததாகப் பெட்டி கொஞ்சம் பொய் சொல்லும். அது குற்றம் இல்லை. எவ்வளவு பொய் என்று அளந்து கழித்துவிட்டால் தீர்ந்தது. அளக்கும் வழியும் சுலபம். சாய்வே இல்லாத எக்ஸ்ரே விளக்கு ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் வைத்து வரைபடம் எடுக்க வேண்டும். பிறகு பெட்டியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி இன்னொரு வரைபடம் எடுக்க வேண்டும். பெட்டியோடு சேர்ந்து அலையும் திரும்பினால் அது பெட்டியின் பொய். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைத் தரையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பெட்டியை ஏற்றிச் செல்லும் செயற்கைக்கோள் ஒரே வாக்கில் நிற்கிற ஜாதி. மேலே போனபிறகு யாரும் ஏணி வைத்து ஏறிப் போய்த் திருப்ப முடியாது.

பெட்டியைத் திருப்புவதற்கென்றே ஒரு சுழல்மேசை இருந்தது. அது சுழலவில்லை.

காரணம் ஒரு பித்தளைப் பலகை. மேசையைத் திறந்துவைத்த அன்று, விழாக் குழுவினர் மேசையின் பக்கத்தில் ஒரு தூணை நிறுத்தி, மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி நான்கு திருகாணி போட்டு அந்தப் பலகையை முடுக்கிவிட்டார்கள். மேசை சுழலும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பலகையில் 'இச்சுழல்மேசை' என்று பெரிய எழுத்தில் இருந்ததை அவர்களே படிக்கவில்லை போலும். நாற்பது டிகிரி திருப்பியதும் பெட்டி பலகையில் போய் டங் என்று இடிக்கும்.

பலகையைக் கழற்ற அனுமதி கேட்டுப் பெட்டிக்காரர் விண்ணப்பம் போட்டார். அதை ஆராய ஒரு திருப்புதல் குழு அமைத்தார்கள். ஏன் திருப்ப வேண்டும் என்று குழு கேட்டது. பெட்டியில் கோணல் இருக்கலாம் என்று எழுதினார். கோணல் இருப்பதற்கு ஆதாரம் கேட்டது. திருப்பினால்தான் தெரியும் என்று எழுதினார். ஆதாரம் இல்லாமல் திருப்ப இயலாது என்று குழு வருத்தத்துடன் தெரிவித்தது. வருத்தத்துடன் என்ற சொல்லுக்கு அங்கே தனி ரப்பர் முத்திரை உண்டு.

அடுத்த விண்ணப்பத்தில் இன்னொரு விதி முளைத்தது. திறந்துவைத்தவரின் ஒப்புதல் இல்லாமல் பலகையைத் தொடக் கூடாதாம். திறந்துவைத்த பழைய இயக்குநர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வாரிசிடம் வாங்கி வாருங்கள் என்றார்கள். வாரிசு டயர் கடை வைத்திருந்தார். பெட்டிக்காரர் தேடிப் போய் விவரம் சொன்னதும் அவர் ஒரு லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, "எந்தப் பலகை சார்? கழட்டுங்க, உருக்குங்க, என்ன வேணா பண்ணுங்க" என்றார். அதை எழுத்தில் தரும்படி கேட்டபோது, நிறுவனத்தின் பெயரை எழுத ஆரம்பித்து, பாதியிலேயே கைவலி என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏவும் தேதிக்கு ஒரு மாதம் இருந்தபோது குழு கடைசியாக ஒருமுறை கூடியது. இயக்குநரே வந்திருந்தார்.

"நீங்க நம்ம பெட்டியைச் சந்தேகப்படுறீங்க. அதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு" என்றார் இயக்குநர்.

"நான் செஞ்ச பெட்டி சார். அதான் சந்தேகப்படுறேன்."

"பாருங்க, நான் இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு தடவைகூட என்னையே நான் சந்தேகப்பட்டது கிடையாது. அதனாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்."

குழுத் தலைவர் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பெட்டிக்காரரும் எழுதிக்கொள்ள வேண்டுமோ என்று ஒரு நிமிடம் குழம்பிப் போனார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரு நாளைக்கு அறுபது பேரை நிற்கவைத்து, படுக்கவைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கவைத்துப் படம் எடுப்பாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்குங்க குழு? எலும்பு முறிஞ்சு வர்றவங்களை நாங்க நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுப்போம். ஒரே பக்கம் பார்த்துட்டு எந்த டாக்டரும் முடிவு சொல்ல மாட்டார்" என்றாள்.

"அவங்களுக்கும் அதான் சொன்னேன்."

"தம்பி என்ன சொல்றான்?"

தம்பி என்றால் அவளுடைய தம்பி. பெட்டிக்காரர்தான் அவனை அந்த நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். தரவுப் பிரிவில் இருந்தான். வரைபடங்களும் அறிக்கைகளும் அவன் பொறுப்பு. நடைவழியில் பெட்டிக்காரர் அவனை மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அக்கா கையால் சாப்பிட்டு, மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆபீஸ் போனவன்.

அன்று சாயங்காலம் அவனே வந்தான். "மாமா, இவங்க அனுமதி தர்றதுக்குள்ள பெட்டி மேல போய்ச் சேர்ந்துடும். வர்ற ஞாயித்துக்கிழமை ஆள் இருக்க மாட்டாங்க. நாமளே பண்ணிடுவோம். நான் இருக்கேன்ல" என்றான்.

நான் இருக்கேன்ல. அந்த வார்த்தையைப் பெட்டிக்காரர் பிற்பாடு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனார்கள். நான்கு திருகாணியும் மூன்று நிமிடத்தில் கழன்றன. இரண்டு வருட விண்ணப்பத்துக்கு மூன்று நிமிட வேலை. பலகையைத் தரையில் வைத்தால் கீறல் விழும் என்று மச்சான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பெட்டிக்காரர் விளக்கைப் போட்டு முதல் வரைபடம் எடுத்தார். ஆறு சதவீதம் அலை, முப்பது டிகிரியில். பிறகு மேசையைத் தொண்ணூறு டிகிரி திருப்பினார். இடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது வரைபடம் எடுத்தார். அதே ஆறு சதவீதம், பெட்டியோடு சேர்ந்து அப்படியே தொண்ணூறு டிகிரி தள்ளிப் போயிருந்தது.

"மாமா, பெட்டியோட கோணல்தான்" என்றான் மச்சான்.

"ஆமா மச்சான். இனிமே கழிச்சுடலாம். இனிமே இவன் பொய் சொல்ல மாட்டான்" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார் பெட்டிக்காரர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருட வேலை அன்றுதான் முடிந்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பலகையைத் திரும்ப முடுக்கியபோது மச்சானின் வெள்ளைச் சட்டையில் பித்தளையின் பச்சைக் கறை அப்பியிருந்தது. அக்கா துவைத்துத் தருவாள் என்று சிரித்தான்.

அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில், பெட்டி தொண்ணூறு டிகிரி திருப்பிச் சோதிக்கப்பட்டது என்று இருக்கும். இரண்டாம் பக்கத்தில் முடிவு: ஆறு சதவீதம், முப்பது டிகிரி, பார்க்கும் எல்லாவற்றிலும் இதைக் கழிக்கவும். எத்தனை பக்க அறிக்கையானாலும் முதல் பக்கத்தில் மட்டும்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அதன்படியே போட்டு மச்சானிடம் கொடுத்தார்.

"ஒரு நகல் எடுத்து வச்சுக்கோங்க" என்றாள் மனைவி.

"மச்சான் கையில இருக்கு. அதைவிடப் பத்திரமா எங்கே இருக்கும்?" என்றார் அவர்.

பெட்டி சீல் வைக்கப்பட்டு, செயற்கைக்கோளில் ஏறி, வானத்துக்குப் போனது. போகிற புகையைப் பார்த்துக்கொண்டு பெட்டிக்காரர் மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் போல நின்றார். நாற்பது நாள் கழித்து முதல் முடிவை அறிவிக்கப் பெரிய கூட்டம் போட்டார்கள். இயக்குநர் புதுக் கோட்டு போட்டிருந்தார். திரையில் முதல் நட்சத்திரத்தின் வரைபடம் வந்தது.

ஆறு சதவீதம். முப்பது டிகிரி.

பெட்டிக்காரர் பக்கத்து வரிசையில் இருந்த மச்சானிடம் குனிந்து, "ரெண்டாம் பக்கத்தை வச்சியா?" என்று கேட்டார்.

"வச்சேன் மாமா. கழிச்சதுக்கு அப்புறம்தான் இது. தற்செயலா ஒரே மாதிரி வந்திருக்கு."

அவர் நம்பினார். அக்காள் வீட்டுச் சோறு தின்றவன் பொய் சொல்வானா? இரண்டாவது நட்சத்திரமும் ஆறு சதவீதம், முப்பது டிகிரி. கருந்துளை ஒன்று, அதுவும் அப்படியே. வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம் ஒன்று, அதுவும் அப்படியே. பதினேழாவதும் அப்படியே வந்தபோது ஒரு பத்திரிகைக்காரர் எழுந்து, எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருப்பது விசித்திரமாக இல்லையா என்று கேட்டார்.

இயக்குநர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மைக்கைப் பிடித்தார். "மத்தவங்க ஒவ்வொரு நட்சத்திரமும் ஒவ்வொரு பக்கம் சாயுதுன்னு சொல்லி உலகத்தைக் குழப்பிட்டு இருந்தாங்க. நாங்க பார்த்த பிறகுதான் அதுங்களுக்குள்ள ஒரு ஒழுங்கு வந்திருக்கு. இது வெறும் அளவு இல்லை. பிரபஞ்சமே நம்ம நிறுவனத்தோட கருத்தை ஏத்துக்கிட்டதுக்கு அடையாளம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த வாரமே 'ஒருமித்த சாய்வு' என்று அதற்குப் பெயர் வைத்து, பெயரைக் காக்க ஒரு குழுவும் அமைத்தார்கள். மச்சான் தரவுப் பிரிவின் தலைவரானான்.

ஆறு மாதம் இந்தக் கூத்து நடந்தது. பிறகு வேறொரு நாட்டுச் செயற்கைக்கோள் அதே நட்சத்திரங்களைப் பார்த்தது. ஒன்றில் சாய்வே இல்லை. ஒன்றில் அரைச் சதவீதம், அதுவும் வேறு பக்கம். உலகம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நிறுவனத்தில் விசாரணைக் குழு கூடியது. அதே திருப்புதல் குழுதான், அறைக் கதவில் குழுவின் பெயர் அட்டையை மட்டும் மாற்றி மாட்டியிருந்தார்கள். இயக்குநரும் இருந்தார். பெட்டிக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று ஒரு தாளைக் காட்டினார் குழுத் தலைவர்.

"ஆமா."

"பெட்டி திருப்பிச் சோதிக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கு. பலகை இருக்கும்போது நாப்பது டிகிரிக்கு மேல திரும்பாதுன்னு நீங்களே ரெண்டு வருஷமா விண்ணப்பம் போட்டிருக்கீங்க. எப்படித் திருப்பினீங்க?"

"பலகையைக் கழட்டினேன்."

"அனுமதி?"

"இல்லை."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இங்க ரெண்டு குத்தம் இருக்கு. திருப்பினீங்கன்னா, பலகையைத் தொட்ட குத்தம். திருப்பலைன்னா, பொய்க் கையெழுத்து. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறது இல்லை."

இயக்குநர் குரலைத் தாழ்த்தி, "திருப்பினேன்னு மட்டும் சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க. திருப்பிப் பார்த்த பெட்டின்னா பெட்டி சரி. பெட்டி சரின்னா வானம்தான் தப்பு. வானத்து மேல நாம நடவடிக்கை எடுக்க முடியாது, எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

"திருப்பினேன் சார். திருப்பினப்போ அலையும் கூடவே திரும்பிச்சு. பெட்டியில ஆறு சதவீதம் கோணல், கழிக்கணும்னு ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"எந்த ரெண்டாம் பக்கம்?"

கோப்பை அவர் பக்கம் நகர்த்தினார்கள். ஒரே ஒரு தாள் இருந்தது. அதன் மூலையில் ஸ்டேப்ளர் முள்ளைப் பிடுங்கிய இரண்டு ஓட்டைகள் இருந்தன. பெட்டிக்காரர் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். அப்போதும் அவருக்கு மச்சான் மேல் சந்தேகம் வரவில்லை. கோப்பு எங்கெங்கோ போயிருக்கும், யாரோ பிடுங்கியிருப்பார்கள் என்றே நினைத்தார்.

"மச்சானைக் கேளுங்க சார். அன்னைக்குக் கூடவே இருந்தான். ரெண்டு வரைபடமும் அவன் கண்ணால பார்த்தான்."

மச்சானைக் கூப்பிட்டார்கள். புது அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்து நின்றான். மாமாவைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் அங்கே இல்லை சார்" என்றான்.

பெட்டிக்காரருக்கு ஆத்திரம் வரவில்லை. இயக்குநர் செய்திருந்தால் வந்திருக்கும். எந்தக் குழு செய்திருந்தாலும் வந்திருக்கும். அவர்களுக்கெல்லாம் எப்போதும் அவர் முதுகைக் காட்டியதே இல்லை. இவனை நம்பித்தான் காட்டியிருந்தார்.

குழு அன்றே தீர்ப்பு எழுதியது. சாட்சி இல்லாததால் பெட்டி திருப்பப்படவில்லை; ஆகவே பொய்க் கையெழுத்து. திருப்பியதாக அவரே ஒப்புக்கொண்டதால் பலகையைத் தொட்டதும் உண்மை. இரண்டு குற்றமும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதைக் குழு கவனித்ததாகவும், அந்த முரணுக்கும் அவரே பொறுப்பு என்றும் எழுதினார்கள். 'ஒருமித்த சாய்வு' நிறுவனத்தின் கண்டுபிடிப்புதான், ஆனால் தப்பு மட்டும் பெட்டிக்காரருடையது. வேலையிலிருந்து நீக்கவில்லை, பரந்த மனம் படைத்தவர்கள். சோதனைக்கூடத்திலிருந்து மாற்றி, பலகைப் பராமரிப்பாளர் ஆக்கினார்கள். தினமும் காலையில் அந்தப் பித்தளைப் பலகையைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பது வேலை.

மறுநாள் சாயங்காலம் மச்சான் அக்கா வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தவள் வழிவிடவில்லை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெட்டிக்காரருக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்? ஏவுற தேதி ஏற்கெனவே மூணு தடவை தள்ளிப் போயிருச்சு. ரெண்டாம் பக்கத்தை வச்சிருந்தா கோணலுக்குன்னு ஒரு குழு போட்டு, நாலாவது தடவையும் தள்ளியிருப்பாங்க. ரெண்டு பக்கமாடான்னு இயக்குநர் என்கிட்டதான் கேட்டார், ஒரு பக்கம் போதுமேன்னார். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. மாமாவுக்குச் சொல்லி வருத்தப்பட வைக்க வேணாம்னுதான் சொல்லலை."

"அன்னைக்கு நீ அங்கே இல்லையாமே?"

அவன் கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

"சட்டையில பச்சைக் கறை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேன், மூணு தடவை துவைச்சேன், போகலை. நீ இப்போ போட்டிருக்கியே, அந்தச் சட்டைதான். வயித்துகிட்ட பாரு, இன்னும் இருக்கு."

மச்சான் குனிந்து பார்த்தான். கையை வைத்து மறைத்துக்கொண்டான்.

"நேராவும் பார்த்துட்டேன், பக்கவாட்டுலயும் பார்த்துட்டேன். போதும், கிளம்பு" என்று அவள் கதவைச் சாத்தினாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுவதைப் பெட்டிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவன் அல்லவா, அவளுக்கு வலிக்காதா? அன்று இருவரும் சாப்பிடவில்லை.

நான்கு மாதம் அவர் பலகை துடைத்தார். ஒருநாள் அவர் மேசைக்கு ஓர் உறை வந்தது. உள்ளே திருப்புதல் குழுவின் கடிதம்.

'பெட்டியைத் திருப்ப அனுமதி கோரித் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, அனுமதி அளிக்கப்படுகிறது. பலகையைத் தற்காலிகமாகக் கழற்றலாம். திருப்பிய விவரத்தை ஏழு நாளுக்குள் இரண்டு பக்க அறிக்கையாகத் தர வேண்டும். கையெழுத்து முதல் பக்கத்தில் மட்டும்.'

பெட்டிக்காரர் அதை மூன்று தடவை படித்தார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனார். நான்கு திருகாணியைக் கழற்றிப் பலகையை இறக்கினார். கீறல் விழட்டும் என்று தரையிலேயே போட்டார். பிறகு வெறும் மேசையை ஒரு விரலால் தள்ளினார். எங்கும் இடிக்காமல் ஒரு முழுச் சுற்று சுற்றியது. இன்னொரு தடவை தள்ளினார், மறுபடியும் சுற்றியது. அவருடைய பெட்டி அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில், பார்த்ததையெல்லாம் ஆறு சதவீதம், முப்பது டிகிரி என்று சொல்லிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அது அவருக்குத் தாங்கவில்லை. ஆள் இல்லாத அறையில் வாய்விட்டு அழுதார்.

அறிக்கை எழுதினார். முதல் பக்கத்தில்: மேசை திருப்பப்பட்டது. இரண்டாம் பக்கத்தில்: மேசையில் பெட்டி இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை மீறி, இரண்டாம் பக்கத்திலும் முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் முதல் பக்கம் கோப்பில் சேர்ந்தது. பெட்டி வெற்றிகரமாகத் திருப்பப்பட்டதாக இயக்குநர் மாதக் கூட்டத்தில் அறிவித்தார். இரண்டாம் பக்கம், கையெழுத்து இருக்கக் கூடாத இடத்தில் கையெழுத்து இருந்த காரணத்தால், வருத்தத்துடன் என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. கொண்டுவந்தது மச்சான்.

அவன் திரும்ப மாட்டியிருந்த பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தாளை நீட்டி, "மாமா, இது உங்களோடது" என்றான்.

பெட்டிக்காரர் துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். மூலையில் ஸ்டேப்ளர் ஓட்டை இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தன.

"பரவாயில்லையே மச்சான். இந்தத் தடவை ரெண்டாம் பக்கத்தைத் தொலைக்காம கொண்டாந்துட்டியே" என்றார்.